ஆடியில் விழுந்த முகூர்த்தம்

ஏழுமலை அண்ணன் தேதியை மாற்றிப் போடவில்லை. மாற்றிப் போட்டது நான் எழுதிய கணினி நிரல். அது தெரிந்த நிமிடமே அவரிடம் வாய் கூசாமல் பொய் சொன்னவனும் நான்தான்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், சாக்குப்போக்குகள் முந்திக்கொண்டு வந்து நிற்கும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்...

நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறி, முதுகுப்பையை மார்பில் மாட்டிக்கொண்டு, அம்பத்தூர் வரை நின்றுகொண்டே போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருவது அலுவலகத்தில் என் வேலை. "தேதி என்று எவன் எதைக் கொடுத்தாலும் நம்பாதீர்கள்" என்று முதல் வாரத்திலேயே அவர்களுக்குச் சொல்வேன். சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். எனக்கும் அந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் காது சுடுகிறது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம். என் மகளின் முதல் பிறந்தநாளை அதன் சின்ன ஹாலில்தான் கொண்டாடினோம். மண்டபத்து முதலாளிக்கு நான் கம்ப்யூட்டர் ஆள் என்று அன்று தெரிந்துவிட்டது. "மண்டப புக்கிங்குக்கு ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடுங்க சார்" என்றார். பணம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். விருந்தினர்கள் முன்னால் அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்காகத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மண்டபத்தின் மேனேஜர் ஏழுமலை அண்ணன். அறுபதைத் தொட்ட வயது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, உரக்கப் பேசும் குரல். அதுவரை புக்கிங் எல்லாம் அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில்தான். சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு பெயர். அதைக்கூட அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. எல்லாம் மனப்பாடம்.

"போன தையில உங்க பிளாட்டுக்காரரு ஒருத்தரு பொண்ணு கல்யாணம் நம்மளாண்டதான் நடந்துச்சு. மாப்ள ஊட்டுக்காரங்க ரசத்துல உப்பு இல்லன்னு சண்ட போட்டாங்களே, அது!" என்று அவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டதே மறந்துபோயிருந்தது.

அந்த ஞாபகம் அவருக்குப் பெருமை. ஒரு பயத்தையும் அதற்குள்தான் ஒளித்து வைத்திருந்தார். அவருடைய அண்ணனுக்கு மறதி நோய் வந்து, கடைசியில் கட்டிய மனைவியையே "யார்மா நீ" என்று கேட்டாராம். குளிப்பாட்டி, சோறூட்டி, இறுதிவரை பார்த்துக்கொண்டவர் ஏழுமலை அண்ணன். "அது மட்டும் எனக்கு வரக்கூடாது தம்பி. வேற இன்னா வேணா வரட்டும்" என்றார். நான் மென்பொருளைக் கற்றுக்கொடுக்கப் போன முதல் நாளே, டீ குடித்தபடி, இதை என்னிடம் சொன்னார்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும்! எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

அன்று அவர் விசைப்பலகையை வெறித்துப் பார்த்தார். "தம்பி, தேதிக்கு நடுவுல போடுற இந்தக் குறுக்குக் கோடு எங்க கீதுன்னே தெர்ல. நாம எழுதுற மாதிரி புள்ளி வெச்சுப் போட்டா ஒத்துக்குமா?"

"எப்படி வேணா போடுங்கண்ணே. அது புரிஞ்சுக்கும்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் யோக்கியதை முழுவதும் இருக்கிறது.

நாம் எல்லோரும் தேதியைப் புள்ளி வைத்துத்தானே எழுதுகிறோம்? பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மூலையில் பார்த்த நாளிலிருந்து அப்படித்தான். எட்டு, புள்ளி, ஏழு என்றால் ஜூலை எட்டு. நமக்கு அதில் ஒரு சந்தேகமும் கிடையாது. நான் பயன்படுத்திய ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழிக்கு அது தெரியாது. அமெரிக்க வழக்கப்படி முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொண்டு, அதை ஆகஸ்ட் ஏழு என்று வாசித்துவிடும். பிழை என்று முணுமுணுக்கக்கூடச் செய்யாது.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். என் மகள் பிறந்த இருபத்தொன்றாம் தேதியைப் புள்ளி வைத்துப் போட்டேன். இருபத்தொன்றாவது மாதம் ஏது? செல்லாத தேதி என்று வந்தது. அப்போதாவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாமா... நான் ஒட்டுப் போட்டேன். செல்லாது என்று வந்தால் முதல் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் இடம் மாற்றி மறுபடி வாசி என்று ஒரே ஒரு வரி. சரியாகிவிட்டது. பதினைந்தைப் போட்டேன், முப்பதைப் போட்டேன், எல்லாம் சரி. பன்னிரண்டும் அதற்குக் குறைந்ததுமான தேதிகள் சத்தமில்லாமல் வேறு மாதத்தில் போய் விழுவதை நான் பார்க்கவே இல்லை.

பதிவு செய்த தேதியை மாதத்தின் பெயரோடு திரும்பக் காட்டியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். அதைச் செய்ய நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, சோம்பலாக இருந்தது. "பதிவாகிவிட்டது" என்று மட்டும் வந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு புள்ளி ஏழு, ஆனி மாதத்து நல்ல முகூர்த்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருக்கும் ஒருவர் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு அந்தத் தேதியைக் கேட்டு வந்தார். ஏழுமலை அண்ணன் புள்ளி வைத்து அதைப் பதிந்தார். நிரல் அதை ஆகஸ்ட் ஏழில் கொண்டுபோய் வைத்தது. அது ஆடி மாதம்!

ஆடியில் நம் ஊரில் யார் கல்யாண மண்டபம் தேடுகிறார்கள்? ஒருவரும் வரவில்லை. அந்தத் தேதி நிரம்பியிருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இல்லை, இது பொய். நான் கவனித்தேன். ஒரு நாள் வேறு வேலையாக அந்த மென்பொருளுக்குள் போனபோது ஆடியில் ஒரு கல்யாணம் பதிவாகியிருப்பதைப் பார்த்தேன். "யாருடா இந்தப் பகுத்தறிவுக்காரன்!" என்று எனக்குள்ளே சிரித்துவிட்டு மூடினேன். மறதி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள். அடுத்த நிமிடம் அதை மறந்துபோனேன்.

முதலாளி தன் கைப்பேசியில் பதிகிறவர். அதில் எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. காலண்டர் விரியும், தேதியைத் தொட்டால் போதும், தவறு நேராது. அவருடைய நண்பர் ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்கு ஜூலை எட்டைக் கேட்டிருக்கிறார். கைப்பேசியில் அந்த நாள் காலி என்று பச்சையாகத் தெரிந்திருக்கிறது. தொட்டார். சிவப்பாகிவிட்டது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் மெஷினிலேயே இருக்கிறதே! அந்தச் சிவப்பைப் பார்த்த ஏழுமலை அண்ணன், தான் பதிந்த ஃபிட்டர் வீட்டுக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை. வரவேற்பு நேரம். என் கைப்பேசி அடித்தது.

"தம்பி... ரெண்டு பொண்ணு வந்து எறங்கிகீது தம்பி." பின்னால் ஒரே கூச்சல், மேளக்காரர் யாரோ தட்டிப் பார்க்கும் ஓசை. "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் எட்டாந்தேதிதான் போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது. நான் இன்னா போட்டுகீறேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

மடிக்கணினியைத் திறந்தேன். ஆகஸ்ட் ஏழு. அதன் பக்கத்திலேயே அவர் தட்டியது தட்டியபடி பதிவாகியிருந்தது. எட்டு, புள்ளி, ஏழு.

நொடியில் புரிந்துவிட்டது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் செய்தால் நான் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்துகிற தவறு! வெளியே தெரிந்தால் என் மானம் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பெண்களை நினைக்கவில்லை. அவரை நினைக்கவில்லை.

"அண்ணே... ஆகஸ்ட் ஏழுன்னு போட்டிருக்கீங்க."

"நானா?" என்றார்.

"ஆமாண்ணே. மாத்திப் போட்டுட்டீங்க போல."

"ஆகஸ்ட் ஏழு ஆடியாச்சே தம்பி... ஆடில கல்யாணம்னு நானா போட்டேன்?"

அந்தக் குரலை நான் எப்படி எழுதுவது? கோபமே அதில் இல்லை. தன்னையே தொட்டுப் பார்த்துக்கொள்கிறவனின் குரல் அது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? "இல்லண்ணே, தப்பு என்னோடது" என்று ஒரு வரி...

ஃபோனை வைத்துவிட்டேன். முதல் காரியமாக நிரலைத் திருத்தினேன். இதே மாதிரி தப்பான மாதத்தில் விழுந்து கிடந்த மற்ற பதிவுகளையும் சரிசெய்தேன். பிறகு அவர் தட்டிய எழுத்துகளைச் சேமித்து வைத்திருந்த பகுதி முழுவதையும் அழித்தேன். ஏன் அழித்தாய் என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மண்டபத்துக்குப் போனேன். வாழைமரம் கட்டிய வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் நண்பருக்கே மண்டபம் என்று முடிவாகியிருந்தது. ஃபிட்டர் வீட்டுக்காரர்கள் சீர்வரிசைத் தட்டுகளை வேனில் திரும்ப ஏற்றினார்கள். வேனுக்குள் அந்தப் பெண், முழு அலங்காரத்தோடு, தன் பெயர் போட்ட பேனர் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் அப்பா ஏழுமலை அண்ணனின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"உன்ன நம்பித்தானய்யா பத்திரிக அடிச்சேன்! சம்மந்தி மூஞ்சில எப்டிய்யா முழிப்பேன்? கண்ணு அவிஞ்சு போச்சா உனுக்கு?"

"எம்மேலதான் சார் தப்பு. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்றார் ஏழுமலை அண்ணன். கைகளைக் கூப்பிக்கொண்டே இருந்தார். "வயசாயிடுச்சு சார். தெர்ல சார். மன்னிச்சுடு சார்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சார், உங்க சாப்ட்வேர்ல ஒண்ணும் கோளாறு இல்லையே?"

"இல்ல சார். அது சரியாத்தான் இருக்கு."

அந்த நேரத்தில் அது உண்மை பாருங்கள்! ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தானே சரிசெய்துவிட்டு வந்தேன்...

மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கு அடுத்த தெரு அம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். எதிரே இருந்த காலிமனையில் பந்தல் போட்டு, ஏழுமலை அண்ணனே நின்று பந்தி பரிமாறினாராம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் அவமானம். அதற்கே எனக்கு மன்னிப்பு கிடையாது. ஆனால் அவர்கள் கல்யாணம் நடந்துவிட்டது. அவருக்கு நடந்தது வேறு.

முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கேலி மட்டும் செய்தார்கள். டீக்கடையில், சமையல்கட்டில், "இன்னா ஆடிக் கல்யாணம், சௌக்கியமா?" என்று. அதை அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். பிறகு ஒரு நாள் தானாகவே வேலையை விட்டுவிட்டார். முதலாளி என்னிடம் சொன்னார்: "பெருசு பயந்துடுச்சு சார். அவுங்க அண்ணனுக்கு வந்தது தனக்கும் ஆரம்பிச்சிடுச்சுன்னு சொல்லுது. டாக்டராண்ட இட்டுகினு போய்க் காட்டியாச்சு. ஒண்ணுமே இல்லன்னு சொல்ட்டாங்க. நம்ப மாட்டேங்குது."

அதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாவம்" என்றேன்!

அதன் பிறகு ஒரு தடவை அவரை ஆவடி ரயில் நிலையத்தில் பார்த்தேன். மனைவி அஞ்சலையின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆயிரம் பேர் கூடுகிற பந்தியை ஒற்றைக் குரலில் நடத்திய மனிதர். எந்தப் பக்கத்து வண்டி என்று மனைவியிடம் கேட்டார். கேட்டுவிட்டு, சட்டைப்பையில் எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டார். வழி தவறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டு எண்ணை எழுதி வைத்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர்கள் வண்டி கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தேன்.

அன்று என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. அறைந்துகொள்ளவும் இல்லை. அவமானத்தால் செத்துப்போனேன் என்று எழுதுவார்கள் அல்லவா? நான் ஒன்றும் சாகவில்லை. அலுவலகம் போனேன், வகுப்பெடுத்தேன், மதியம் பிரியாணி சாப்பிட்டேன்.

கடைசியில் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு, வேப்பம்பட்டில் அவர் வீட்டுக்கு. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா தம்பி! பாப்பா எப்டி கீது?" பெயரைக்கூடச் சொன்னார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. புள்ளி வைத்தால் அந்தக் கணினி மொழி எப்படி வாசிக்கிறது, நான் போட்ட ஒட்டு, ஃபோனில் சொன்ன பொய், அழித்த பதிவு... எல்லாவற்றையும். மடிக்கணினியில் திருத்தாத பழைய நிரலைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே எட்டு புள்ளி ஏழு என்று தட்டினேன். ஆகஸ்ட் ஏழு என்று வந்தது.

"பாருங்கண்ணே! நீங்க சரியாத்தான் போட்டீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணே. எல்லாம் என்னாலதான்."

திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க அண்ணனாண்ட நானும் இப்டித்தான் சொல்வேன் தம்பி. அது பண்ண தப்பெல்லாம் நான்தான் பண்ணேன்னு சொல்வேன். சாவிய நான்தான் தொலச்சேன், கேஸ நான்தான் மூட மறந்துட்டேன்னு... அது மனசு ஆறும்ல?" சிரித்தார். "நீ நல்ல புள்ள. எனக்காவ இம்மாந் தூரம் வந்து, பழிய உம்மேல போட்டுக்கிறியே."

"அண்ணே, சத்தியமாண்ணே..."

"உடு தம்பி. அன்னிக்கு நீயே பாத்துச் சொன்ன. அப்ப சொன்னதுதான் நெஜம்."

கெஞ்சினேன். மறுபடி தட்டிக் காட்டினேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். நான் அழ அழ அவர் என் முதுகைத் தட்டி ஆறுதல் சொன்னார். எனக்கு!

கிளம்பும்போது அஞ்சலையம்மாள் வாசல் வரை வந்தார். வீட்டு மரத்து முருங்கைக்காய்களை ஒரு பையில் போட்டு என் கையில் திணித்தார். கண்கள் கலங்கியிருந்தன. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் அது சிரிச்சிகீது தம்பி. நீ சொன்னது பொய்யின்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் கேக்கவே நல்லா இருந்துச்சு. அப்பப்ப வந்து இதே மாதிரி சொல்லிட்டுப் போயேன்."

"வரேம்மா" என்றேன்.

இதுவரை போகவில்லை. போனால் மறுபடி உண்மையைச் சொல்ல வேண்டும், அவர்கள் மறுபடி என்னை நல்லவன் என்பார்கள். உங்களிடம் சொல்கிறேன், நீங்களாவது நம்புங்கள். அன்று அந்த முருங்கைக்காயில் என் மனைவி சாம்பார் வைத்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். தெரிந்தவர் ஒருவர் என்றேன். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.